கசையிழையும் கரைந்துபோன சவ்வும்

பாக்டீரியாவின் உடலிலிருந்து நீண்டு, அதனை நீரில் உந்திச் செல்லும் நுண்ணிய இழையைத் தமிழில் 'கசையிழை' என்கிறோம். கசை என்பது சாட்டை. இலத்தீனில் 'ஃபிளாகெல்லம்' என்றால் சிறு சாட்டை; சாட்டையைக் குறிக்கும் 'ஃபிளாக்ரம்' என்ற சொல்லின் குறுமை வடிவம் அது. ஜெர்மானியர் 'கைஸல்' என்றனர், அதுவும் சாட்டைதான். ஜப்பானியர் 'பென்மோ' என்றனர். சாட்டை மயிர் என்பது அதன் பொருள். ஒரே உருவகம் மொழிக்கு மொழி பெயர்க்கப்பட்டு உலகெங்கும் குடியேறியிருக்கிறது. ஆனால் பாக்டீரியாவின் கசையிழை சாட்டையைப் போல வீசுவதே இல்லை. அது சுழல்கிறது. அதைச் சுழற்றுவதும், அதைக் கட்டி எழுப்புவதும் அவ்விழைக்குள் இல்லை. அதன் அடியில், செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களிடம் இருக்கின்றன. இந்த உண்மையை அறிய ஏன் அத்தனை காலம் பிடித்தது என்பதே இப்பதிவின் பொருள்.

மொழியியல் பயின்றவனுக்கு இதில் ஒரு தொழில்முறை அக்கறையும் உண்டு. விந்தணுவின் வாலுக்கும் பாக்டீரியாவின் இழைக்கும் அறிவியல் ஒரே பெயரைச் சூட்டியது. விந்தணுவின் வால் உண்மையிலேயே நெளிகிறது. அதன் நீளம் முழுவதும் விசை தரும் புரதங்கள் அடுக்கப்பட்டுள்ளன. பாக்டீரியாவின் இழை அதைவிடப் பன்மடங்கு மெல்லியது. அமைப்பிலும் முற்றிலும் வேறு. பெயர் ஒன்றாக இருந்ததால், இதுவும் அதைப் போலவே இயங்கும் என்று கருதுவது எவருக்கும் இயல்பாகத் தோன்றியது.

டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லீவன்ஹூக் 1676இல் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்திலும், பல்லழுக்கில் தாம் கண்டவற்றை விவரித்த 1683ஆம் ஆண்டுக் கடிதத்திலும் இச்சிற்றுயிர்களின் வேகத்தை வியந்திருக்கிறார். எதனால் நகர்கின்றன என்பதை அவரால் காண இயலவில்லை. இழையின் தடிமன் ஏறத்தாழ 20 நானோமீட்டர்; சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்தறியக்கூடிய எல்லையோ 200 நானோமீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. 1830களில் எஹ்ரன்பெர்க் சில பெரிய பாக்டீரியாக்களில் வால்களைக் கண்டார். அவை பல இழைகள் சேர்ந்த கற்றைகள். 1877இல் ராபர்ட் கோஹ் அவற்றைப் புகைப்படமாகவே பதிவு செய்தார். பின்னர் லோஃப்லர் வகுத்த சாயமேற்றும் முறை, இழையின்மீது வேதிப்பொருளைப் படியச் செய்து அதைத் தடிப்பாக்கிக் காட்டியது. செத்து, உலர்ந்து, சாயமேறிய இழை கண்ணுக்குத் தெரிந்தது. உயிருள்ள இழை என்ன செய்கிறது என்பது தெரியவில்லை.

இந்த இடைவெளியில் வந்து நின்றவர் பிரிட்டோரியாவில் பணியாற்றிய நோயியலர் அட்ரியானஸ் பைப்பர். தென்னாப்பிரிக்காவின் கடும் வெயிலை ஒளிமூலமாகக் கொண்டு, இருள்புல நுண்ணோக்கியில் டைஃபாய்டு பாக்டீரியாக்கள் நீந்துவதைத் திரைப்படமாக எடுத்தார். 1940களில் அவர் முன்வைத்த கருத்து இதுதான்: பாக்டீரியாவின் உடலே முறுக்கி நெளிந்து தன்னை முன்செலுத்துகிறது, கசையிழை என்று நாம் சொல்வது அந்த அசைவினால் உடலின் மேற்பரப்பிலிருந்து உரிந்து பின்னால் இழுபடும் கோழைத் திரி, இயக்கத்தின் காரணமன்று, அதன் விளைவு.

அறிவியல் வரலாற்று நூல்களில் பைப்பர் பிடிவாதக்காரராகவே வருகிறார். அவரை மறுத்த சான்றுகள் வலுவானவை. ஸ்வீடனின் கிளேஸ் வைபுல் 1940களின் இறுதியில் இழைகளைப் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்தி, அவை புரதத்தாலானவை என்று காட்டினார். கோழைத் திரியென்றால் சர்க்கரைச் சேர்மங்கள் அல்லவா மிகுந்திருக்க வேண்டும்? இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், கம்பளி இழைகளை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து பெயர்பெற்ற வில்லியம் ஆஸ்ட்பரி, வைபுல் அனுப்பிய கசையிழைகளை அதே முறையில் ஆராய்ந்தார். தசையிலும் மயிரிலும் கிடைக்கும் கதிர்ச்சிதறல் வடிவம் இதிலும் கிடைத்தது. இப்புரதத்துக்கு 'ஃபிளாஜெல்லின்' என்ற பெயர் 1955இல் அவர்களிடமிருந்து வந்தது. 1959இல் ஸ்டாக்கரும் கேம்பெலும் பாக்டீரியாக்களைக் கொல்லாமல் இழைகளை மட்டும் சுழல்விசையால் அறுத்தெடுத்தனர். இழையற்றவை நகரவில்லை; இழை மீண்டும் வளர்ந்ததும் நீந்தத் தொடங்கின. பைப்பரின் வழக்கு அத்துடன் முடிந்தது.

ஆயினும் வென்ற தரப்பு சொன்னதும் சரியன்று என்பதைப் பலர் சொல்லாமல் கடந்துவிடுகிறார்கள். தசையின் கதிர்ச்சிதறலைக் கண்ட ஆஸ்ட்பரி, கசையிழையை ஒற்றை மூலக்கூற்றுத் தசை என்றே கருதினார். அது தானே சுருங்கி விரிந்து அலை எழுப்பும் என்றார். தசைப் புரதம் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறைச் சிதைத்து இயங்குகிறது. தூய கசையிழையில் அத்தகைய திறன் எதுவும் தென்படவில்லை. இழை தானாக இயங்குவதில்லை என்ற மட்டில் பைப்பரின் ஐயம் பிழையானதன்று. அவர் தந்த விடைதான் பிழை. தேவைப்பட்டது மூன்றாவது ஒரு விடை.

அதற்கான முதற்சுவடு மரபியலிலிருந்து வந்தது. நகர இயலாத பாக்டீரியாக்களைத் திரட்டி வகைப்படுத்தியபோது அவை இரண்டாகப் பிரிந்தன. ஒருவகைக்கு இழையே இல்லை. அதற்குக் காரணமான மரபணுக்கள் 'ஃபிளா' எனப் பெயர்பெற்றன. மற்ற வகைக்கு இழை இருந்தது. நீளம், வடிவம், எண்ணிக்கை எதிலும் குறையில்லை. ஆனால் பாக்டீரியா அசையவில்லை. இயக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளைக் கொண்டு இவற்றின் மரபணுக்களுக்கு 'மாட்' என்று பெயரிட்டனர். ஜப்பானின் எனொமொட்டோ 1966இல் சால்மோனெல்லாவில் இத்தகைய 'முடங்கிய' வகைகளை விரிவாக ஆராய்ந்தார். அடுத்த ஆண்டு ஆம்ஸ்ட்ராங்கும் ஜூலியஸ் ஆட்லரும் ஈ. கோலையில் அதே பணியைச் செய்தனர். இழை முழுமையாக இருந்தும் இயக்கம் இல்லையென்றால், இயக்கம் வேறெங்கோ இருக்கிறது என்றுதானே பொருள்? இவ்வாய்வுகளை இன்று படிக்கும்போது அக்கேள்வி எழுந்து நிற்பது தெரிகிறது. ஆனால் எங்கே என்று காட்டும் கருவி அன்று எவரிடமும் இல்லை.

1973இல் ஹோவர்ட் பெர்க்கும் ராபர்ட் ஆண்டர்சனும் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினர். அதில் புதிய சோதனை ஏதும் பெரிதாக இல்லை. பிறர் ஏற்கெனவே வெளியிட்டிருந்த முடிவுகளை எடுத்து அடுக்கி, வாதிட்டார்கள். ஒரு கற்றையிலுள்ள இழைகளை எதிர்ப்பொருளால் ஒன்றோடொன்று பிணைத்தால் நீச்சல் நின்றுவிடுகிறது என்பது தெரிந்த செய்தி. இழைகள் சேர்ந்து நெளிபவையாக இருந்தால் ஓரிரு பிணைப்புகள் அவற்றைத் தடுத்திருக்கக் கூடாது. ஒவ்வொன்றும் தன் அடியில் தனித்தனியே சுழல்வதாக இருந்தால்தான் பிணைப்பு தடையாகும். எனவே, இழை சுழல்கிறது. சக்கரம் மனிதன் கண்டது, உயிரினங்களில் அதற்கு இடமில்லை என்று பாடம் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது எளிதில் செரிக்கக்கூடிய முடிவாக இருந்திராது.

மறு ஆண்டே கலிபோர்னியாவில் மைக்கேல் சில்வர்மனும் மெல்வின் சைமனும் அதைக் கண்ணால் காட்டினர். அவர்கள் செய்த சோதனை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. எதிர்ப்பொருளைப் பசைபோலப் பயன்படுத்தி, பாக்டீரியாவின் கசையிழையைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிவிட்டார்கள். இழை அசைய முடியாத நிலையில் செல்லின் உடல் முழுவதும் சுழன்றது. சுற்றுக்குப் பின் சுற்றாக, பின்பு திசைமாறி, மீண்டும் சுற்றாக. இழை 20 நானோமீட்டர் என்பதால் அதன் சுழற்சியைப் பார்க்க இயலாது. உடலோ சாதாரண நுண்ணோக்கிக்கே தெரியும். செக்கை நிறுத்திவிட்டு மாட்டைச் சுற்றவிட்டதற்கு இதை ஒப்பிடலாமென்றால், இங்கே செக்கும் மாடும் ஒரே உயிரின் இரு பகுதிகள்.

இழை சுழல்கிறது என்றால் அதன் அடியில் மோட்டார் ஒன்று இருக்க வேண்டும். அதன் உருவம் அதற்குச் சற்று முன்பே, 1971இல், விஸ்கான்சினில் டீபாம்ஃபிலிஸும் ஆட்லரும் வெளியிட்ட எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் வெளிவந்திருந்தது. இழை, அதன் கீழே வளைந்த கொக்கி, கொக்கியின் கீழே ஒரு தண்டு, தண்டில் கோக்கப்பட்ட நான்கு வளையங்கள். வெளிச்சவ்வில் எல் வளையம், செல்சுவர் அடுக்கில் பி வளையம், உட்சவ்வுக்குச் சற்று மேலே எஸ் வளையம், உட்சவ்வில் எம் வளையம். பாடநூல்களில் இன்றும் அச்சாகும் படம் இதுவே.

எனக்கு இவ்வரலாற்றின் மையமாகத் தோன்றுவது அப்படத்தில் இல்லாத ஒன்று. வளையங்களைத் தெளிவாகக் காண வேண்டுமானால் அவற்றைச் செல்லிலிருந்து பிரிக்க வேண்டும். பிரிக்க வேண்டுமானால் அவை பதிந்திருக்கும் கொழுப்புச் சவ்வைக் கரைக்க வேண்டும். அதற்கு டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்பு போன்ற வேதிப்பொருள் பயன்பட்டது. சவ்வு கரைந்தது, சவ்வில் தளர்வாக அமர்ந்திருந்த புரதங்களும் அதனுடன் போயின. மோட்டாரின் சுழலும் தண்டு கிடைத்தது; அதைச் சுழற்றுவது கழுவிய நீரோடு வெளியேறியது. பல ஆண்டுகள் ஆய்வுலகம் ஆராய்ந்துகொண்டிருந்தது விசை நீங்கிய மோட்டாரை. இதை எவருடைய கவனக்குறைவாகவும் நான் சொல்லவில்லை. அந்தச் சோப்பு இல்லாமல் அந்தப் படமும் இல்லை.

இதற்கிடையே ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குச் சவ்வே விடையாக வந்தது. பீட்டர் மிட்செல் 1961இல் முன்வைத்து 1978இல் நோபல் பரிசு பெற்ற கோட்பாட்டின்படி, செல் தன் சவ்வின் குறுக்கே புரோட்டான்களை வெளியே தள்ளி ஓர் ஏற்றத்தாழ்வை உண்டாக்குகிறது. அணையில் தேங்கிய நீரைப் போல அது பயன்தரும் ஆற்றல். 1974இல் ஆட்லரின் குழு, நீச்சலுக்கு நேரடியாகத் தேவைப்படுவது ஏடிபி அன்று எனக் காட்டியது. 1977இல் மேன்சன், பெர்க் முதலியோர் பட்டினி கிடந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் செல்களின் சவ்வின் குறுக்கே செயற்கையாக அந்த ஏற்றத்தாழ்வை ஏற்படுத்தினர்; உணவின்றி முடங்கியிருந்தவை நீந்தின. காரத்தன்மை மிக்க நீரில் வாழும் சில பாக்டீரியாக்கள் புரோட்டானுக்குப் பதிலாகச் சோடியம் அயனியைக் கொண்டு சுழல்கின்றன என்பதை 1981இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

இப்போது 'மாட்' மரபணுக்களின் முறை வந்தது. அவை இரண்டு, அவற்றின் புரதங்கள் மாட்-ஏ, மாட்-பி. இரண்டும் உட்சவ்வில் இருப்பவை. 1984இல் ஸ்டீவன் பிளாக்கும் பெர்க்கும் மாட்-பி பழுதுற்ற பாக்டீரியாக்களைக் கண்ணாடியில் ஒட்டினர். அவை அசைவற்று நின்றன. பின்னர் அச்செல்லுக்குள் புகுத்தியிருந்த நல்ல மரபணுவை இயக்கிவிட்டனர். சற்று நேரத்தில் செல் மெல்லச் சுழன்றது. பிறகு வேகம் சட்டென ஒரு படி ஏறியது. மீண்டும் ஒரு படி. ஒவ்வொரு ஏற்றமும் ஒரே அளவு. புதிதாகச் செய்யப்பட்ட புரதங்கள் ஒவ்வொரு அலகாக மோட்டாரைச் சுற்றி வந்து அமர்வதை, அமரும் கணத்திலேயே, வேகமானியில் படிப்பது போன்றது அது. ஆய்வாளர்களிடையே இதற்கு 'உயிர்த்தெழுதல்' என்று பெயர். அறிவியலில் மிகையாகச் சூட்டப்பட்ட பெயர்கள் பல உண்டு, இது அவற்றுள் ஒன்றன்று. 1988இல் டேவிட் பிளேரும் பெர்க்கும் மாட்-ஏ கொண்டு இதையே செய்து எட்டுப் படிகள் வரை எண்ணினர். 2006இல் அது பதினொன்றானது.

அதே 1988இல் கான், டாபிஸ், ரீஸ் ஆகியோர் சவ்வைக் கரைக்காமல் பார்க்கும் வழியைக் கைக்கொண்டனர். செல்லை நொடிப்பொழுதில் உறையவைத்து உடைத்தால், பிளவு சவ்வின் இரு ஏடுகளுக்கு நடுவே ஓடும். சவ்வினுள் பதிந்தவை புடைப்புகளாகத் தெரியும். ஈ. கோலையில் கசையிழையின் அடியைச் சுற்றி 10 முதல் 12 துகள்கள் வளையமாக நின்றன. 'மாட்' பழுதுற்ற வகையில் அத்துகள்கள் இல்லை. சோப்பு நீர் கொண்டுபோனது இதைத்தான். அதே ஆண்டு சுன், பார்க்கின்சன் இருவரும் மாட்-பி புரதம் சவ்வுக்கு வெளியே நீண்டு செல்சுவரைப் பற்றியிருக்கக்கூடும் என்று காட்டினர். சுழற்றுவது தானும் சேர்ந்து சுழன்றுவிடாமல் இருக்க அது எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் அல்லவா? சவ்வு திரவம் போன்றது. அதில் ஊன்றிக்கொள்ள இடமில்லை. சுவரே ஊன்றுகோல். உள்ளே இழந்திருந்த இன்னொரு பகுதியும் 1990களில் மென்மையான பிரிப்பு முறைகளால் கிடைத்தது: உட்சவ்வின் கீழே கிண்ணம்போல் அமைந்த சி வளையம். மாட் புரதங்கள் தள்ளுவது இதைத்தான். திசை மாறுவதும் இதில்தான்.

நகர்த்துவதைப் பற்றி இவ்வளவு. கட்டுவது வேறொரு கதை. அதிலும் சவ்வுக்குத்தான் முதலிடம். மிஷிமா நகரில் தெட்சுவோ ஈனோ 1969இல் செய்த சோதனை என் மனத்துக்கு மிக நெருக்கமானது. சால்மோனெல்லாவின் இழைகளை ஒடித்துவிட்டு, ஓர் அமினோ அமிலத்தின் போலி வடிவத்தை உணவில் கலந்தார். அப்போலியைக் கொண்டு செய்யப்படும் இழை இயல்பைவிட நெருக்கமாகச் சுருளும். சுருள் தோன்றியது அடியில் அன்று, நுனியில். மயிர் அடியிலிருந்து வளர்கிறது. கசையிழை நுனியில் வளர்கிறது. அப்படியானால் செல்லுக்குள் உண்டான ஃபிளாஜெல்லின் ஒவ்வொன்றும், இழையின் நடுவே உள்ள சுமார் 2 நானோமீட்டர் குழாய் வழியே, மடிப்பு விரிந்த நிலையில், நுனிவரை பயணம் செய்ய வேண்டும். ஓர் இழைக்கு அவ்வாறு ஏறத்தாழ 20,000 மூலக்கூறுகள். அவற்றைக் குழாய்க்குள் செலுத்தும் வாயில் உட்சவ்வில், எம் வளையத்தின் நடுவில் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மெக்நாப், மினாமினோ ஆகியோர் 1999இல் அவ்வாயிலின் உறுப்புகளை வரிசைப்படுத்தினர். அவற்றுள் ஆறு, சவ்வுப் புரதங்கள்.

அதற்கும் முன்பு, 1992இல், உவேனோ, ஓசாவா, ஐசாவா ஆகியோர் ஃப்ளை-எஃப் என்ற ஒரே சவ்வுப் புரதத்தின் மரபணுவை மட்டும் தனியே இயக்கிப் பார்த்தனர். இழை இல்லை, கொக்கி இல்லை, வேறெந்த உறுப்பும் இல்லை. ஆனால் சவ்வில் வளையம் உருவானது. எம் என்றும் எஸ் என்றும் இருபதாண்டுகள் தனித்தனியே அழைக்கப்பட்ட இரண்டு வளையங்களும், தண்டின் அடிப்பகுதியும், அந்த ஒற்றைப் புரதத்தாலானவை. சால்மோனெல்லாவில் 34 பிரதிகள் கைகோத்து அதை ஆக்குகின்றன என்பது அண்மையில் தெளிவாகியிருக்கிறது. பெயர்கள் மட்டும் பிரிக்க முடியாமல் 'எம்எஸ் வளையம்' என்று ஒட்டிக்கொண்டன. இலக்கணத்தில் இரு சொல் ஒரு பொருளானால் ஒன்று வழக்கொழியும். ஆய்வகத்தில் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள்.

பெயர்க் குழப்பம் அத்துடன் நிற்கவில்லை. ஈ. கோலையில் ஆய்ந்தவர்களும் சால்மோனெல்லாவில் ஆய்ந்தவர்களும் 'ஃபிளா' மரபணுக்களுக்குத் தனித்தனியே ஆங்கில எழுத்துகளை வரிசையாகச் சூட்டிவந்தனர். ஒரே மரபணுவுக்கு இரு பாக்டீரியாவிலும் இரு பெயர், எழுத்துகளும் தீர்ந்துகொண்டிருந்தன. 1988இல் ஈனோ, மெக்நாப், சைமன் உள்ளிட்ட எட்டுப் பேர் கூடிப் பொதுப் பெயரிடல் ஒன்றை அறிவித்தனர். ஆய்வாளர் எவரும் தாம் சூட்டிய பெயரை எளிதில் கைவிடுவதில்லை. அந்த எட்டுப் பேர் ஒரே பட்டியலில் கையொப்பமிட்டதைச் சிறு சாதனையாகவே கருதுகிறேன். 'மாட்' மட்டும் பழைய பெயரிலேயே விடப்பட்டது.

ஏற்றுமதி வாயிலுக்கு ஆற்றல் தருவது எது? ஃப்ளை-ஐ என்ற புரதம் ஏடிபியைச் சிதைப்பதால், அதுவே உந்துகிறது என்று நெடுங்காலம் கருதினார்கள். 2008இல் 'நேச்சர்' இதழில் இரண்டு குழுக்களின் கட்டுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஒன்று ஒசாகாவின் மினாமினோவும் நம்பாவும் எழுதியது, மற்றொன்று கெல்லி ஹியூஸ், பிளேர் குழுவினருடையது. ஃப்ளை-ஐ நீக்கப்பட்டாலும் சில சூழல்களில் கசையிழை வளர்கிறது. ஆனால் சவ்வின் குறுக்கேயுள்ள புரோட்டான் ஏற்றத்தாழ்வைக் குலைத்தால் ஏற்றுமதி நின்றுவிடுகிறது. சுழற்றும் அதே நீரோட்டம்தான் கட்டவும் செய்கிறது.

2018இல் வாயிலின் மையமான ஃப்ளை-பி, ஃப்ளை-க்யூ, ஃப்ளை-ஆர் கூட்டமைப்பின் வடிவம் கிடைத்தபோது, வரிசையைப் பார்த்தால் ஐயமின்றிச் சவ்வில் பதிய வேண்டிய இம்மூன்றும், கூடி முடித்தபின் சவ்வின் தளத்துக்கு மேலே, எம்எஸ் வளையத்தின் உள்ளே ஏறி அமர்ந்திருப்பது தெரிந்தது. 2020இல் கோபன்ஹேகனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் இருந்து மாட் புரதங்களின் வடிவம் வந்தது. ஐந்து மாட்-ஏ ஒரு வளையமாக நிற்க, அதன் நடுவே இரண்டு மாட்-பி. ஐந்துக்குள் இரண்டு சமமாகப் பொருந்தாது. புரோட்டான் ஒவ்வொன்றும் கடக்கும்போது ஐவர் வளையம் இருவரைச் சுற்றி ஒரு படி திரும்பும் என்பதே அவ்வமைப்பு உணர்த்தும் இயக்கம். பெரிய சக்கரத்தைச் சுற்றுபவை சிறிய சக்கரங்கள். அவையும் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. மாட்-பியில் ஒளிரும் புரதத்தை இணைத்து 2006இல் ஆக்ஸ்ஃபோர்டில் பார்த்தபோது, சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரிலிருந்தே அலகுகள் கழன்று சவ்வில் மிதந்து செல்வதும், சவ்விலிருந்து வேறு அலகுகள் வந்து அவ்விடத்தில் அமர்வதும் தெரிந்தது. ஓர் அலகு மோட்டாரில் தங்கும் காலம் சராசரியாக அரை நிமிடம். மிதந்து திரியும்போது அதன் புரோட்டான் வழி ஓர் அடைப்பால் மூடப்பட்டிருக்கிறது. செல்சுவரைப் பற்றி அமர்ந்த பின்னரே அது திறக்கிறது.